கீழே இருக்கிற பொத்தான்

மார்ச் 4, மதியம்

என் எறும்பே,

நீ நலமாக இருக்கிறாயா என்று எழுதி ஆரம்பித்தேன். எழுதிய பிறகுதான் யாரைக் கேட்கிறேன் என்று உறைத்தது. இருக்கட்டும், அடிக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துவிட்டுப் படி. காகிதமும் நல்ல காகிதம் இல்லை. ஹோட்டல் சலவைக் கூடத்தில் துணி எண்ணி எழுதுகிற சீட்டு, அதன் பின்பக்கம்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் அறையில் ஒரு சாமானைக்கூட நகர்த்தவில்லை. நேற்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த கேம் பெட்டிய வித்துடலாம். எங்க டிப்போல ஒரு கண்டக்டர் கேக்கறாரு. பாதி விலைக்கு மேலயே தரேங்கறாரு.”

“அது அவ வாங்கினது.”

“அதனாலதான் சொல்றேன். அந்தப் பக்கம் போனாலே அந்த லைட்டு என்னையே முழிச்சுப் பாக்குது.”

அவர் சொல்வதும் பொய் இல்லை. பெட்டியின் முன்னால் இருக்கிற ஆரஞ்சு விளக்கு மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது. தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி. பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் அழிந்துவிடும் என்று நீ சொன்னதால் மூன்று மாதமாக அப்படியே விட்டிருக்கிறோம்.

இந்தப் பெட்டிக்காக நாம் போட்ட சண்டை இருக்கிறதே! கண்ணாடிக் கடையில் பதினான்கு மாதம் லென்ஸ் தேய்த்துச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாய். எனக்கு நாலு மாதச் சம்பளம் அது. “ஊரார் படுத்த விரிப்பையெல்லாம் மெஷின்ல போடறேன். வீட்டுக்கு வந்து கையால துவைக்கறேன். அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கணும்னு தோணலையே உனக்கு” என்று கத்தினேன். நீ கோபப்படவே இல்லை. “ஒரு தடவ உக்காந்து ஆடிப் பாரும்மா. அப்புறம் சொல்லு, விலை அதிகமா இல்லையான்னு. ஆடாம சொன்னா செல்லாது” என்றாய்.

நான் உட்காரவில்லை. பிடிவாதம். ஆறு வாரம் நீ மட்டும் ஆடினாய். பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தோம்.

விற்பதென்றால் அட்டைப்பெட்டியும் வேண்டுமாம். உன் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். உள்ளே பிரிக்காத வெள்ளை ரிமோட் ஒன்று இருந்தது. (ரிமோட் இல்லை, கன்ட்ரோலர் என்பாய். எனக்கு ரிமோட்தான்.) அதன் மேல் ஒரு கடிதம். நான் படிக்க வேண்டும் என்று கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறாய்.

ஐந்து முறை படித்தேன். உன் கடிதத்தையும் இதோடு சேர்த்து வைக்கிறேன். பதில் போடாமல் விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

உன் அம்மா

ஞாயிறு, காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ குளிக்கப் போயிருக்கிறாய், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். உன் லீவு நாளில் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவதாகத் திட்டம்.

வெள்ளை உனக்கு. கறுப்பு எனக்கு. உன்னை மாதிரியே ஒரு பொம்மை செய்துவிட்டேன், பார்த்தால் அடிக்க வருவாய். கொண்டை, நீல ஏப்ரன், கையில் இஸ்திரி சுட்ட தழும்புகூட வைத்திருக்கிறேன். இத்தனை நாளாக அவளை என் பின்னாலேயே உட்கார வைத்துவிட்டுத்தான் நான் ஆடுகிறேன்.

கதை இவ்வளவுதான். ஆள் இல்லாத ஒரு ஊர். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் இரண்டு கயிறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் கதவு திறக்கும். அதனால் இத்தனை நாளும் நான் தெருவில் மட்டும்தான் ஓடித் திரிகிறேன். விரிப்பு மடிக்கிற மாதிரிதான் அம்மா, உனக்குத் தெரியாததா?

நீ மூன்று மணிக்கு வருகிறாய், நான் ஏழு மணிக்கு வருகிறேன். நான் வருகிறவரை காத்திருக்காதே. நான் இல்லாத நேரத்தில் என் பொம்மையைப் பெட்டியே ஆட்டும். நான் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்று வைத்திருக்கிறது. நானேதான் என்று நினைத்துக்கொள்.

நடுவில் இங்கிலீஷில் என்னென்னவோ கேட்கும். பயப்படாதே. எது கேட்டாலும் கீழே இருக்கிற பொத்தானை அழுத்து. போதும்.

ஆடி முடித்துவிட்டு விலையைப் பற்றிச் சொல்.

உன் எறும்பு

மார்ச் 5, மாலை

என் எறும்பே,

நீ சொன்னபடி செய்தேன்.

டிவியில் ஊர் வந்தது. சாம்பல் நிறத் தெரு, எல்லா வீடும் பூட்டி இருக்கிறது. ஒரு கதவுக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நீ நின்றிருந்தாய். உனக்குப் பின்னால் கொண்டை போட்ட பொம்பளை ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். தழும்பைப் பார்த்ததும் என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளை ரிமோட்டைத் தொட்டதும் அவள் எழுந்தாள். உடனே நீயும் ஓடினாய்.

நான் எங்கே பார்த்தேன்! என் கண்ணெல்லாம் விரலில். எது எந்தப் பொத்தான் என்று தடவிக்கொண்டே முட்டி மோதிக் கதவுக்கு வந்து சேர்ந்தேன். நீ அங்கே நின்றுகொண்டு இரண்டு முறை குதித்தாய். தொப் தொப். வேலை விட்டு வந்ததும் வாசல் படியில் செருப்பை இரண்டு தட்டு தட்டுவாயே, அதே மாதிரி. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாய் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுந்து போய்ப் பார்க்கவும் பார்த்தேன்.

இன்னொன்று. மூன்றாவது வீட்டுக்குப் போகிற வழியில் நீ பள்ளத்தில் விழுந்தாய். விழுந்த அதே நொடி அலமாரி மேல் இருந்த உன் கறுப்பு ரிமோட் விர்ரென்று நடுங்கியது. யாரும் தொடவில்லை. நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தேன். சூடாக இருந்தது.

ஆடி முடிக்கும்போது ஏதோ கேட்டது. கீழே இருக்கிற பொத்தானை அழுத்தினேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை.

உன் அம்மா

மார்ச் 27, மாலை

என் எறும்பே,

தினமும் மூன்றிலிருந்து ஐந்து வரை உன்னோடுதான். அப்பா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வருவதற்குள் டிவியை அணைத்துவிடுகிறேன். திருட்டுத்தனமாக உன்னைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்க எனக்கு எதிர்முனை பிடிக்கிறவள் கேட்டாள், “என்னக்கா, மூணு அடிச்சா போதும், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடறே? வீட்ல யாரு உக்காந்திருக்கா?” “பொண்ணு” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் விரிப்பின் முனையை விட்டுவிட்டாள்.

எனக்கு இப்போது கை பழகிவிட்டது. முன்பு நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்பாய். இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேருகிறோம். நீயும் முன்பு மாதிரி பள்ளத்தில் விழுவதில்லை. பள்ளம் வந்தால் நிற்கிறாய், எட்டிப் பார்க்கிறாய், சுற்றிக்கொண்டு வருகிறாய். என் பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நேற்று தொப் தொப் என்று குதிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பொம்மைக்கு என்ன களைப்பு என்று பிறகுதான் தோன்றியது.

கறுப்பு ரிமோட்டும் நடுங்குவதில்லை.

கண்டக்டர் அடுத்த வார ஞாயிறு வருகிறாராம். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வாங்கினதும் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் அவர் மகனிடம் கொடுப்பாராம். துடைக்கிறதாம். தரையா அது?

கீழே இருக்கிற பொத்தானை மறக்காமல் அழுத்திவிட்டுத்தான் எழுந்தேன்.

உன் அம்மா

ஏப்ரல் 1, மாலை

என் எறும்பே,

இன்றைக்கு அப்பா பார்த்துவிட்டார். பஸ் பழுதாகிச் சீக்கிரம் வந்தவர் உன் அறை வாசலில் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டிவியையே பார்த்தார்.

“அந்தச் சிவப்புத் தொப்பி யாரு?”

“தெரியலயா? நம்ம எறும்பு. அவ ஆடற மாதிரியே ஆடும். பெட்டி கத்து வெச்சிருக்கு.”

“இது அவ இல்ல.”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். கயித்தப் பிடிக்கறதுக்கு முன்னாடி அரை அடி பின்னால வெக்கறா பாரு. அது நீ விரிப்பு மடிக்கும்போது வெக்கற அடி. உன்னைக் கூட்டிட்டுப் போக வந்து எத்தனை நாள் ஜன்னல் வழியா பாத்திருப்பேன்? நம்ம பொண்ணு எந்தக் காலத்துல பின்னால வெச்சா? இது நீதான். நீயும் நீயும்தான் ஆடிட்டு இருக்கீங்க.”

டிவியில் இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

உன்னோடு லென்ஸ் தேய்க்கிற தோழிக்குப் போன் போட்டேன். கடையிலிருந்து நேராக வந்தாள், பாவம். ஆடி முடித்ததும் வருகிற அந்தக் கேள்வியைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, ‘கூட ஆடறவங்க ஆடற விதத்தையும் இவளுக்குக் கத்துக் கொடுக்கட்டுமா’ன்னு கேக்குது. கீழ அழுத்தினா ஆமாம். வலது பக்கம் அழுத்தினா வேண்டாம்.”

“நான் எப்பவும் கீழதாம்மா அழுத்தினேன்.”

“எத்தனை தடவை?”

“தினமும்.”

“பழையபடி ஆக்க முடியாதா?” என்று அப்பா கேட்டார். விற்க நின்றவர், அவர்தான் கேட்டார்.

“பழசு மேலயே எழுதிட்டு வருது அங்கிள். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

நீ சொன்னதைத்தானே செய்தேன் எறும்பே? உன்னோடு உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் உன்னை ஒரு பிடி அள்ளி வெளியே கொட்டியிருக்கிறேன். சலவைக்காரி நான். கறையைப் பார்த்தால் விடமாட்டேன். துணியே போகிறவரை தேய்த்திருக்கிறேன்.

உன் அம்மா

ஏப்ரல் 5, ஞாயிறு, மாலை

என் எறும்பே,

நாலு நாளாகத் தொடவில்லை. விளக்கு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் கண்டக்டர் பையோடு வந்தார். அப்பா அவரை உள்ளேகூடக் கூப்பிடவில்லை. நான் அடுப்படியில் இருந்து கேட்டேன்.

“விலை கட்டாதுப்பா.”

“என்ன டிரைவரே, நீங்க சொன்ன விலைதானே? சரி, இன்னும் கொஞ்சம் சேத்துத் தரேன்.”

“கட்டாது.”

“எவ்வளவு கொடுத்தாத்தான் கட்டும்?”

அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தார். “ஒரே ஒரு தடவ ஆடு. நான் பாக்கறேன்” என்றார்.

கடைசி வீடு ஒன்றுதான் பாக்கி இருந்தது. மேட்டின் மேல் இருக்கிற வெள்ளை வீடு. இந்த முறை விரலைப் பார்க்கவில்லை. உன்னை மட்டும் பார்த்தேன். நீ பள்ளத்தைச் சுற்றி வந்தாய். அது நான். கதவுக்கு முன்னால் தலையைச் சாய்த்தாய். அதுவும் நான். அரை அடி பின்னால் வைத்தாய். அப்பா மூச்சை விட்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், இழுக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது குதித்தாய். ஒரே ஒரு முறை. தொப்.

“அவதான்” என்று அப்பா எழுந்துவிட்டார்.

இரண்டு பேரும் இழுத்தோம். கதவு திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, வெளிச்சம் மட்டும். நீ முதலில் போனாய். வாசலைத் தாண்டினதும் நின்றாய். திரும்பி என்னைப் பார்த்தாய்.

அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். நான் இதை எழுதுகிறபோதும் டிவியில் நிற்கிறாய்.

வேலைக்குப் போகும்போது ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கிறாயா? தெருமுனைவரை நான்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த ஆட்டத்திலும் நீ வருகிறாயா என்று அடிக்கொரு தரம் திரும்பினவள் நான்தான். ஆனால் ஆறு வாரம் என்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டுத் தனியாக ஆடினாயே, எழுந்து வருகிறாளா என்று அப்போது திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாயோ? ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் ஒரு முறை தலையைத் திருப்பினாய். முதல் நாள் என் கண் பொத்தானில் இல்லாமல் உன் மேல் இருந்திருந்தால், நீ அப்போதே திரும்பிப் பார்த்தாயா என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

விலை அதிகமா என்று கேட்டிருந்தாய். ஆடியாகிவிட்டது, இனி நான் சொன்னால் செல்லும். அதிகம்தான் எறும்பே. ஆனாலும் விற்க மாட்டோம்.

திரையில் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. வலது பக்கப் பொத்தானில் கட்டைவிரலை வைத்திருக்கிறேன். அழுத்துவதற்கு முன்னால் இதை மட்டும் சொல். திரும்பிப் பார்த்தது நீயா, நானா?

உன் அம்மா