தரையிலிருந்து எடுத்த படங்கள்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
12-8-1993

அன்பு மகள் சிவகாமிக்கு உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் சுகம். நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், அதை இனி நான் நம்புவதாக இல்லை.

எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. எழுத்தறிவு இயக்கத்தின் சாயங்கால வகுப்பில் மலையாளம்தான் சொல்லித் தந்தார்கள், பம்பாயிலிருந்து மகள் தமிழிலல்லவா எழுதுவாள் என்று நான் பிடிவாதம் பிடிக்க, பாகீரதி டீச்சர் தமிழையும் தனியாகச் சொல்லித் தந்தார். இப்போது தீப்பெட்டியைக்கூடப் படிக்காமல் விடுவதில்லை. உன் அம்மை என்னோடு சாலைக் கடைத்தெருவுக்கு வர மாட்டேன் என்கிறாள், ஒவ்வொரு போர்டுக்கும் நின்றுவிடுகிறேனாம். எழுத்து வந்ததும் முதல் வேலையாக உன் பழைய கடிதங்களை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எதிர்வீட்டு விஜயம் எங்களுக்குப் படித்துச் சொல்லும்போது நடுவில் எதையோ விழுங்குகிறாள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். பாவம், அவள் ஒரு வரியும் விழுங்கவில்லை. விழுங்கியது நீதான்.

நீ அனுப்பிய படங்களையும் பக்கத்தில் பரப்பி வைத்தேன். பாதிப் படியில் நிற்கும் தண்ணீர்க் குடம், பாதி பிசைந்து விட்ட மாவு, கொடி காலியாகக் கிடக்க வாளியில் பிழிந்த துணி. நீ புது வீட்டைக் காட்டத்தான் இதையெல்லாம் அனுப்புகிறாய் என்று நினைத்து, என் மகள் வீட்டுப் படி முழுக்க மொசைக் என்று அம்மை தெருவெல்லாம் காட்டினாள். குடத்தைப் போய் எவளாவது போட்டோ பிடிப்பாளா, பெண்ணின் முகத்தைக் காணோமே என்று விஜயம் கேலி செய்தாள். எனக்கு அப்போதே உறுத்தியது. நேற்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அடுப்பு மேடையின் அடிப்பக்கம் தெரிகிறது, கதவின் தாழ்ப்பாள் எங்கோ உயரத்தில் இருக்கிறது. நீ நின்றுகொண்டு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஏன் மக்களே, நீ எப்போதும் தரையில் இருக்கிறாய்?

உடனே பூத்துக்குப் போய் மாப்பிள்ளை ஆபீசுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டு, இடுப்பும் காலும் நோகுதுங்கிறா மாமா, ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு, எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்னு சொல்றாங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிழிந்த துணியை உலர்த்தாமல் விடுகிறவளா நீ? நோவு வந்து உட்கார்ந்த இடத்திலிருந்துதானே ஒவ்வொன்றையும் எடுத்திருக்கிறாய். டாக்டரையும் நம்பவில்லை, மாப்பிள்ளையையும் நம்பவில்லை, உன்னை நம்புகிறேன்.

விஜயம் படித்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதானே எழுதாமல் படமாக அனுப்பினாய்? இனி உன் கடிதம் என் கையைத் தாண்டாது. எங்கே நோகிறது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் எழுது. அம்மையிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதையும் எழுது. படம் எடுப்பதை நிறுத்தாதே. அடுத்த டாக்டரின் மேஜையில் அத்தனையையும் பரப்பு. அவருக்கும் கண் தெரியாவிட்டால் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு, மெடிக்கல் காலேஜுக்கு நானே கூட்டிப் போகிறேன். எந்த வாசல், எந்த அறை என்று யாரிடமும் கேட்க வேண்டாம், மலையாளப் போர்டும் படிப்பேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நேர்ந்திருக்கிறேன், எதற்கு என்று அம்மை கேட்டாள், சொல்லவில்லை. நீ நோவில்லாமல் எழுந்து நடக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, பதில் கடிதத்தில் முதல் வரியிலேயே சுகம் என்று எழுதிவிடாதே.

கைநாட்டு இல்லாமல், கையெழுத்தோடு,
உன் அப்பா
சுடலைக்கண்ணு