பீட்சா ஆறுது

என் பழைய நண்பனுக்கு,

சன்னிவேல் கம்ப்யூட்டர் கிளப்பில், இன்னும் வெளிவராத புது கம்ப்யூட்டரைப் பற்றி வதந்தி பேசிய சனிக்கிழமைகள் நினைவிருக்கிறதா? அதைத் தயாரித்த கம்பெனியிலேயே நீ வேலை பார்த்தாய். வதந்தி பொய்யென்றால் விழுந்து விழுந்து சிரிப்பாய். நிஜமென்றால் பேச்சை மாற்றிவிடுவாய்.

“அதுல மவுஸ் இருக்காமே?” என்று கேட்டேன்.

“பீட்சா ஆறுது, தின்னுடா.”

என் கேள்வியையும் உன் பதிலையும் கிளப் இதழில் அப்படியே அச்சடித்தேன். உன் வழக்கம் தெரிந்த ஊரே சிரித்தது. திங்கட்கிழமை உன் வேலை போயிற்று.

நேற்று பழைய சாமான் கடையில் அந்தக் கம்ப்யூட்டர் கிடைத்தது. கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் அதைச் செய்தவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. உன்னுடையதை மூன்று முறை தேடினேன்.

அதனால் நானும் இதில் பெயர் போடவில்லை.

இப்படிக்கு,
அன்று அந்தப் பீட்சாவைத் தின்றவன்