செருப்புக் கடைப் பாட்டு

ஜனவரி 19, ஞாயிறு

குடியாத்தத்தில் என் மகன் பரணிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் பக்கம் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பரணி, பக்கத்து வீட்டு ஹலீமா அக்கா. (மூன்று பேராகப் போகக் கூடாது. நாத்தனாருக்கு முட்டி வலி. அதனால் அக்காவைக் கூட்டிக்கொண்டேன்.) அவர்கள் பக்கம்: பெண் பூர்ணிமா, அவள் அம்மா அமிர்தவள்ளி, லுங்கித் தறி வைத்திருக்கும் அப்பா, தாய்மாமன் பூவரசன். வேறு யாரும் இல்லை. கேசரி, பஜ்ஜி, காபி. கேசரியில் நெய் தாராளம்.

பெண் லட்சணமாக இருக்கிறாள். பி.காம். வேலூரில் ஏதோ ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை. காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நகத்தில் நீலப் பாலிஷ். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். என்னையும் சொன்னார்கள், நான் முருகன் மேல் பாடினேன், என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் "ஒரு பாட்டுப் பாடும்மா" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் தாய்மாமன் முந்திக்கொண்டார். "அந்தச் செருப்புக் கடை விளம்பரப் பாட்டைப் பாடு பாப்பா! உங்க ஆம்பூர் ஆட்டோவுலகூட அதானே ஓடுது. நம்ம பாப்பா குரலு!"

பாடியே விட்டாள்.

"டக்கு டக்கு டக்கு டக்கு முத்துவேலு செருப்பு,
கழட்டி வைக்க மனசில்லே, காலுக்கு அது விருப்பு."

கடைசி வரியை என் வீட்டுக்காரரும் சேர்ந்து பாடினார். கையில் பாதி கடித்த பஜ்ஜி. பரணி பஜ்ஜியைத் தொடவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமிப் பாட்டு எதுவும் தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும் ஆன்ட்டி. அதையும் இதே மாதிரிதான் பாடுவேன்" என்றாள்.

இதே மாதிரியா! காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாயிற்று.

ஜனவரி 20, திங்கள்

பெண் பார்த்த செலவு எழுதி முடித்தேன். மனசு மட்டும் சரியாகவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

வெள்ளிக்கிழமை பஜனைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். முடிந்த பிறகு வள்ளிமலைப் பாட்டைச் செல்போனில் போட்டுக் காட்டினேன்.

"வள்ளிமலைப் படியோரம் வந்து நிக்கிறேன் – என்னை
வான்னு சொல்ல உனக்கொரு வார்த்தை இல்லையா?"

இரண்டு வருஷமாக விடிந்ததும் என் வீட்டில் கேட்கும் முதல் குரல் இது. பாடியது யார் என்று போடவில்லை. 'குழுவினர்' என்று மட்டும் இருக்கிறது. எனக்கு ஒரு உருவம் தோன்றும்: ஐம்பது தாண்டிய அம்மா, நெற்றி நிறைய விபூதி, காதில் ஒன்றும் இல்லை, மலைப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பாடுகிறார். பேருக்குக்கூட ஆசைப்படாதவர். "குரலுன்னா இது. மனசுலேர்ந்து ஒரே மூச்சுல வர்றது. காசுக்குச் செய்ற பாட்டுல இது வருமா?" என்று எல்லாரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். சுண்டலும் நன்றாக இருந்தது.

எனக்கு யாரும் பாட்டுச் சொல்லித்தரவில்லை. எட்டாவதோடு நின்றவள். ரேடியோ கேட்டு, பிறகு செல்போன் கேட்டு, நானே படித்துக்கொண்டது. ஆனால் காது இருக்கிறது. நல்லது எது, பொய் எது என்று காதுக்குத் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் அல்லவா, அவருக்குச் சுருக்கென்றது.

"நான்கூடத்தான் காசுக்கு மிஷின்ல ஷூ செய்றேன். அந்தச் சம்பளத்துலதான் உன் முருகனுக்குக் கற்பூரம்."

"ஷூ வேற, பாட்டு வேற."

"ஏன், மிஷின்ல தைச்சதைப் போட்டுக்கிட்டுப் போனா மலையேற முடியாதா?"

"மலையேறும்போது செருப்பு போட மாட்டாங்க."

பேச்சை மாற்றிவிட்டார். மோர் கேட்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

பெண்ணின் அம்மா அமிர்தவள்ளி போன் செய்தார். "இன்னும் யோசிக்கிறோம்" என்றேன். பாவம், மரியாதையான மனுஷி. "சரிங்க சுந்தரிம்மா, நிதானமா சொல்லுங்க" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

அவமானம். விளக்குத் துடைக்கும்போது வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. என்ன என்று கவனித்தால் – டக்கு டக்கு டக்கு டக்கு. பூஜை ரூமில்! வாயைக் கழுவிவிட்டு வந்து கந்தர் பேரைப் பன்னிரண்டு தரம் சொன்னேன். பதின்மூன்றாவதாக மறுபடி முத்துவேலு வந்து நின்றான். கழட்டி வைக்க மனசில்லே என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறான் பாவி.

பிப்ரவரி 2, ஞாயிறு

பரணி, வேலை செய்யும் ஒரகடத்திலிருந்து வந்தான். கிளம்பும்போது கேட்டான். "அம்மா, அவ பாட்டைப் பிடிக்கலைன்றியா, அவளையே பிடிக்கலைன்றியா?"

"பாட்டைத்தான்டா."

"பாட்டுதாம்மா அவ வேலை. நான் லாரி ஆக்ஸில் செய்ற கம்பெனில இருக்கேன்னு அவ வேணாம்னு சொன்னா, நீ ஒத்துக்குவியா?"

நான் கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டான். மறந்து வைத்தானா, வேண்டுமென்றேயா? இருபத்தெட்டு வயதில் இந்த ஒரு பெண்ணைத்தான் சரி என்று சொன்னான். இதற்கு முன் பார்த்த எல்லாரையும் வேண்டாம் என்றவன். நான் தப்புச் செய்கிறேனா? எனக்கென்ன, செருப்புக் கடைக்காரனோடு சண்டையா? வீட்டுக்கு வரும் மருமகள் வெள்ளிக்கிழமை விளக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளேயிருந்து ஒரு வரி பாட வேண்டும் என்று நினைப்பது பேராசையா?

பிப்ரவரி 6, வியாழன்

பரணி போன் செய்யவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காவடிக்காரர்களுக்கு மோர் கொடுக்கத் தெரு முனையில் பந்தல். மைக் செட்டுக்காரனிடம் என் வள்ளிமலைப் பாட்டை நான்தான் கொடுத்திருந்தேன். காலையிலிருந்து திரும்பத் திரும்ப அதுதான். வாசலில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். ஹலீமா அக்கா மதில் பக்கம் வந்தார்.

"இன்னா சுந்தரி, காலையிலேர்ந்து உன் மருமக பாட்டாவே ஓடுது?"

"எந்த மருமக? அது வள்ளிமலைப் பாட்டுக்கா."

"அதான் சொல்றேன். குடியாத்தம் பொண்ணுதானே பாடுது."

"ஐயோ அக்கா, இது யாரோ பெரியவங்க, வயசானவங்க..."

"வயசும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு 'மனசில்லே'ன்னு பாடறப்ப குரலை ஒரு சுளி சுளிச்சா பாரு, இங்க 'இல்லையா'வுல அதே சுளி. எனக்கு உங்க சாமிப் பாட்டும் தெரியாது, சினிமாப் பாட்டும் தெரியாது. ரெண்டும் ஒரு தொண்டைன்னு தெரியுது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, இதுக்குப் போய் பேஜாராவுறே? நல்ல விஷயம்தானே!" என்றார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். செல்போனில் செருப்பு ஒரு தரம், வள்ளிமலை ஒரு தரம். மறுபடி செருப்பு. மறுபடி வள்ளிமலை. அதே சுளி. அதே பெண். காது இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டவள் நான்.

படியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து போய்விட்டார். விபூதியும் இல்லை. நீல நகம் மட்டும்.

பிப்ரவரி 12, புதன்

பரணியிடம் பூர்ணிமாவின் நம்பர் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. அது அவனிடம் எப்படி வந்தது என்று கேட்காமல் அவளுக்குப் போன் போட்டேன்.

"அந்த வள்ளிமலைப் பாட்டு நீயாம்மா பாடினே?"

"ஆமா ஆன்ட்டி. சாமிப் பாட்டும் பாடுவேன்னு அன்னைக்கே சொன்னேனே. நீங்கதான் எழுந்துட்டீங்க."

"அதுல நாதஸ்வரம் யாரு?"

"கம்ப்யூட்டர்."

"அந்த 'ஒரு வார்த்தை இல்லையா'... அந்த இடம். அழற மாதிரி வருமே..."

"அதுவா? அது மட்டும் ஏழெட்டு தரம் எடுத்தோம். ஸ்டுடியோ சார் நல்லதா ஒண்ணைப் பொறுக்கி ஒட்டிட்டாரு."

ஒட்டினதாம். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற மாதிரி.

"பாடறப்போ மனசுல இன்னாம்மா நெனச்சுக்கிட்டே?"

"நிஜம் சொல்லட்டுமா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி சொல்லட்டுமா?"

"நிஜம்."

"பசி ஆன்ட்டி. அன்னைக்கு மதியம் சாப்பிடவே விடலை. மொதல்ல செருப்புக் கடை, அப்புறம் முருகன், அதுக்கப்புறம் பிரியாணிக் கடை. பிரியாணி பாடறப்போதான் நிஜமாவே அழுகை வந்துச்சு."

சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளும் சிரித்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணத்துக்கு அப்புறம் நான் பாடலாமா, கூடாதா? சாமிப் பாட்டு மட்டும் இல்ல. செருப்பு, பிரியாணி, காலேஜ் பசங்க ஆடற ஆல்பம் பாட்டு, எல்லாம். அதைச் சொன்னீங்கன்னாதான் நான் என் பதிலைச் சொல்ல முடியும்."

"அப்புறம் சொல்றேம்மா" என்றேன்.

"மறுபடியும் யோசிச்சா?" என்றாள். கோபமாக இல்லை. அதுதான் குத்தியது.

பிப்ரவரி 13, வியாழன்

தூக்கமில்லை. போன வருஷம் பரணிக்கு டெங்கு. வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டேன். "வான்னு சொல்ல உனக்கொரு வார்த்தை இல்லையா." தட்டணு ஏறுகிறது என்று நர்ஸ் வந்து சொன்னதும் அந்த வரியில்தான். அன்று நானும் சாப்பிடவில்லை.

பாடினவளுக்கும் பசி, கேட்டவளுக்கும் பசி. அப்படியென்றால் அதில் பொய் எங்கே இருக்கிறது? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு நாதஸ்வரம் கம்ப்யூட்டர் என்று முன்னமே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

பஜனை. வள்ளிமலைப் பாட்டு போடவில்லை. ஏன் என்று கேட்டார்கள். செல்போனில் சார்ஜ் இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை அதுவுமாகப் பொய்.

மாலையில் அமிர்தவள்ளி போன். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறதாம். ரயில்வேயில் வேலை. "அவங்க நாளைன்னிக்குச் சாயங்காலம் வர்றாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, நாங்க இன்னா பண்றது சுந்தரிம்மா? தையும் முடிஞ்சிடுச்சு. எங்களுக்குப் பரணித் தம்பியைப் பிடிச்சிருக்கு. ஆனா பொண்ணு முடிவுதான்."

ஒரு மாசம் நான் யோசித்தேன். இப்போது அவர்கள் யோசிக்கிறார்கள். நன்றாக வேண்டும் எனக்கு.

பிப்ரவரி 15, சனி

பரணிக்கு விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா. இனிமே இன்னொரு பொண்ணைப் பார்க்க நான் வரமாட்டேன்" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜோலார்பேட்டைக்காரர்கள் சாயங்காலம் வருகிறார்கள். காலையில் குளித்து, விளக்கேற்றி, பூர்ணிமாவுக்குக் குரல் பதிவு அனுப்ப உட்கார்ந்தேன்.

முதல் தரம் கொஞ்சம் கறாராக வந்துவிட்டது, அழித்தேன். இரண்டாம் தரம் பாதியில் தெருவில் காய்கறிக்காரர். மூன்றாம் தரம் தொண்டை கரகரத்தது, வெந்நீர் குடித்துவிட்டு வந்தேன். நான்காவது நன்றாகத்தான் போனது, ஆனால் 'மன்னிச்சுடு' என்ற இடத்தில் உருக்கம் போதவில்லை.

கதவோரம் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சுந்தரி, எத்தனாவது டேக் இது?"

"மனசுல இருக்கிறதை ஒழுங்கா சொல்ல வேணாமா?"

"மனசுலேர்ந்து வர்றது ஒரே மூச்சுல வரும்னு சொல்லுவியே?"

பேச்சை மாற்ற வழியில்லை எனக்கு. மோர்கூடக் கேட்க முடியாது, காலை எட்டு மணி.

ஏழாவது சரியாக அமைந்தது. அனுப்பிவிட்டேன். மறக்காமல் இருக்க, அனுப்பியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"பூர்ணிமா, பரணி அம்மா பேசுறேன். நீ கேட்டதுக்குப் பதில்: பாடலாம். செருப்பு, பிரியாணி, பசங்க ஆடற பாட்டு, எல்லாமே பாடலாம். எனக்கு எல்லாம் பிடிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். பிடிக்காதப்போ மூஞ்சியைச் சுளிப்பேன், நீ கண்டுக்காதே. வள்ளிமலைப் பாட்டு மட்டும் வெள்ளிக்கிழமை வீட்டுல ஒரு தரம் பாடு. சாப்பிட்டுட்டுப் பாடு. அன்னைக்குப் பாதியில எழுந்து வந்ததுக்கு மன்னிச்சுடு. பரணி இன்னொரு பொண்ணைப் பார்க்க வரமாட்டேன்றான். நானும் வரமாட்டேன். சாயங்காலம் அவங்க வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடும்மா."