ஏலக்காய் ஸ்டோரில் வெந்த முழங்கால்

மாப்ளே,

இன்று போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றின் பக்கத்தில் பஸ் நின்றது. உள்ளே பச்சைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் "ஆகா, என்ன வாசம்!" என்றார். நான் ஜன்னலைச் சாத்தினேன். நீ செத்து ஒரு வருஷமாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

எழுபதுகளில் நம் எஸ்டேட் டீமில் நீ முன்னால் ஆடினாய், நான் கோல்கீப்பர். உன் இடதுகாலுக்குப் பந்து வந்தால் போடியே எழுந்து நிற்கும். கால் பிசகினால் நீ வைத்தியரிடம் போகமாட்டாய். காய் உலர்த்தும் அறைக்குள் சூட்டுக்குழாய் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாய். வலி மரத்துப்போகும். "வெந்த காலுதான்டா ஓடும்" என்று சிரித்தபடி மைதானத்துக்கு வருவாய். அப்படி ஓடித்தான் உன் முட்டி போனது. ஆட்டம் முடிந்து, டீமுக்கு மேனேஜர் ஆனாய்.

நல்ல மேனேஜர்தான். சிலமலையில் வயல்வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியைக் கூட்டிவந்து ஆட்டக்காரனாக்கியதும் நீதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

இறுதியாட்டத்தன்று அவனுக்கு முட்டி இளநீர்க்காய் போல வீங்கியிருந்தது. நீ அவனை அதே அறையில் உட்காரவைத்தாய். நான் சத்தம் போட்டேன்.

"உன் காலு போனது மறந்துபோச்சா?"

"ஒரு மேட்ச்சுதான் மாப்ளே. முடிஞ்சதும் வெரசா மதுரைக்குக் கூட்டிப்போயிக் காட்டுறேன்."

தம்பி என்னைப் பார்க்கவேயில்லை. "அண்ணன் சொன்னா ஆடுறேன்" என்றான். கூடப்பிறந்தவன் நான் பக்கத்தில் நிற்கிறேன், அவன் அண்ணன் என்றது உன்னை.

ஒரு கோல் போட்டான். அடுத்துத் திரும்பும்போது விழுந்தான். எதிர்முனையில் நின்ற எனக்கு அவன் அலறல் கேட்டது. கோப்பை வந்தது. மதுரை டாக்டர் கையை விரித்தார். அப்புறம் நீ எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் டீக்கடைக்குள் நுழைந்துகொண்டாய். "தப்புப் பண்ணிட்டேன்" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருப்பாய்? தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். உனக்குத் தெரியும்.

உன் சாவுக்கு வரக்கூடாதென்றுதான் இருந்தேன். "விடுண்ணே, ஆட்டம் கத்துக்கொடுத்தவரு" என்று தம்பி கிளம்பிவிட்டான். காலை இழுத்து இழுத்து, சுடுகாடுவரை உன் பாடைக்குத் தோள் கொடுத்தான். அவன் பக்கம் பாடை சாய்ந்து சாய்ந்து போனது. சாய்ந்தபோதெல்லாம் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தது நான்தான். உனக்காக இல்லை மாப்ளே, அவன் முட்டிக்காக.