ஆட்டுக் குடலும் உங்கள் கட்டைவிரலும்

டாக்டர்,

ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டி கறிக்கடையில் குடலை மஞ்சள் போட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடைக்கு மற்றவர்களுக்குக் குழம்பு ஞாபகம் வரும். எனக்கு நீங்கள்தான் வருகிறீர்கள்.

எண்டோஸ்கோப்பின் கைப்பிடியில் ஒரு சக்கரம். அதைத் திருகினால் உள்ளே கம்பி இழுபட்டு, வயிற்றுக்குள் இருக்கும் குழாயின் நுனி திரும்பும். வருடக்கணக்காகத் திருகியதில் உங்கள் இடது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட என்னிடம்தான் நீட்டுவீர்கள். "மாத்திரை எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாதுங்க. அந்தச் சக்கரத்த உங்க மோட்டாரு திருகட்டும்" என்றுதான் மருத்துவக் கருவி செய்யும் எங்கள் மாடி லேபுக்கு வந்தீர்கள்.

சோதனைக்குப் பன்றிக் குடல்தான் வழக்கம். நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டு, பக்ரீத்துக்கு மறுநாள் உங்கள் வீட்டுத் தூக்குவாளியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தீர்கள்.

"ஏனுங்க டாக்டர், வறுக்கறதுக்கா, பாக்கறதுக்கா?"

"மொதல்ல பாருங்க. தேறுச்சுன்னா வறுத்துத் தாரேன்."

தேறவில்லை. விரலால் லேசாகத் திருப்பினாலே மோட்டார் கம்பியை இழுக்கும்படி நான் செய்த புதுத் திருகு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் திருகத் திருக, குழாயின் நுனி குடலைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. உங்கள் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"நல்லவேளை, ஆடு. ஆளா இருந்திருந்தா நான் இந்நேரம் கோர்ட்டுல நிப்பேன்" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "வலிக்காத கை வேணும்தாங்க. மரத்துப்போன கை வேண்டாம். எங்க இடிக்குதுன்னு தெரியாம ஒருத்தர் வயித்துக்குள்ள போறதுக்கு, இந்த வேலையவே உட்டுடறேன்."

வலியை எடுக்கிறேன் என்று நான் தொடுவுணர்வையும் சேர்த்து எடுத்திருந்தேன். நுனி எதிலாவது இடித்து மோட்டார் திணறும்போது, கையிலிருக்கும் திருகும் அதற்கேற்பக் கனக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். பரமத்தி வேலூரிலிருந்து அம்மா போன் செய்தால், "இன்னும் அந்தக் குடலக் கட்டிக்கிட்டு அழுவறயா சாமி?" என்பார்.

கடைசியில் ஒருநாள், நுனி குடல் சுவரைத் தொட்டதும் உங்கள் கை தானாக நின்றது. "அட, தடுக்குதுங்க!" என்று கத்தினீர்கள். தடை வந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

"விரல் வலிக்குதுங்களா?"

"இல்லவே இல்ல."

சொன்னபடி வறுவலும் வந்தது. அது வேறு குடல்தான்.

அந்தத் திருகோடு ஒரு நோயாளியை நீங்கள் பார்ப்பதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டு உங்களைக் கொண்டுபோய்விட்டது. அது எனக்குத் தீராத வருத்தம். மற்றபடி, உங்களை நினைத்தால் மனசு நிறைந்துதான் இருக்கிறது.

அனுமதியெல்லாம் கிடைத்து, சென்ற வாரம் முதல் நோயாளி வந்தார். வெண்ணந்தூர் நெசவாளி. உங்களுக்குப் பின் வந்த டாக்டர் திருகிக்கொண்டே போனவர், ஒரு வளைவில் நின்றார். "சுவர்ல படுது" என்று முனகிவிட்டு, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, பதமாகத் திருப்பிக்கொண்டு போனார். மூலையில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தபோது நெசவாளியின் மனைவி, நானும் டாக்டர்தான் என்று நினைத்து எழுந்து நின்றார். "நல்லாப் பாத்தீங்களாங்க?"

"ரெண்டு டாக்டருங்க பாத்திருக்காங்க, பயப்படாதீங்க" என்றேன்.

இரண்டாவது ஆள் நான்தான் என்று நினைத்திருப்பார்.