நங்கூரம் போட்ட பாட்டில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் என் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

மாமா மண்ணுக்குள் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. நேற்றுதான் உங்கள் கடிதம் வந்தது. நாலு வரி துக்கம், மீதி ஒரு பக்கமும் பாட்டில். மாமா எடுத்துவைத்ததில் அடியில் நங்கூரம் போட்ட பழைய சோடா பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் படித்தது மூணாங்கிளாஸ். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாட்டில் சேர்க்கிற நீங்கள் சொல்லிக்கொடுத்தது எனக்கு மனப்பாடம். அச்சு சேர்ந்த இடத்தில் பக்கவாட்டில் ஓடுகிற ஒட்டுக்கோடு வாய் வரைக்கும் ஏறினால் மிஷினில் செய்தது, வேண்டாம். கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் செய்து ஒட்டினது, பழசு. மாமாவுக்குக் கண் மங்கல். மூடிக் கிடக்கிற சோடா கம்பெனியின் குப்பைமேட்டில் அவர் தோண்டிக்கொண்டு வருவார், நான் கழுவிப் பார்த்து உங்களுக்குச் சொல்வேன். நம்ம பொண்ணைப் பார்க்க வந்தப்போ கூட மாப்பிள்ளை இவ்வளவு உத்துப் பார்க்கலடி என்று சிரிப்பார்.

நங்கூரம் போட்ட பழசு கிடைத்தால் என் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக நீங்கள் சொன்னீர்கள். மாமா ஆறு வருஷமாக அவள் முகம் பார்க்காத மனுஷன். அன்று எடுத்த கடப்பாரையை அவர் கீழே வைக்கவில்லை.

போன மாதம் நங்கூரத்தோடு ஒன்று வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நான் கழுவிப் பார்த்தேன், கோடு வாய் வரைக்கும் ஏறியிருந்தது. உங்களிடம் சொன்னேன். அது பிற்பாடு செய்தது அத்தை, பழசு இன்னும் கீழே கிடக்கும், ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள் என்றீர்கள். நானும் அவரிடம் சொன்னேன். இரண்டு ஆள் உயரத்துக்கு இறங்கினார். ஒன்பதாம் நாள் மண் சரிந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தூக்கி வெளியே போட்டபோது வாய் நிறைய மண். என் விரலை விட்டுத்தான் எடுத்தேன். அதற்கும் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளையாவது அனுப்பியிருக்கலாம்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நான் தூக்கிப் போட்ட அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்து வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தேன். கழுத்துக்கு மேலே இருந்த கோடு கரைந்து போய்விட்டது. அது ஒட்டுக்கோடு இல்லை மாப்பிள்ளை. வேர் ஒட்டிக் கிடந்த கறை. உண்மையான கோடு கழுத்தோடுதான் நிற்கிறது. நீங்கள் தேடினது அதுதான். அவர் இன்னும் கீழே இறங்கியிருக்கவே வேண்டாம்.

நகத்தால் ஒரு தடவை சுரண்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பாவத்தில் பாதி என்னுடையது. மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் பத்திரமாக இருக்கிறது. விடிந்ததும் இடுகாட்டுக்குப் போய், மாமா நெஞ்சுக்கு நேரே, முழங்கை ஆழத்தில் வைத்து மூடிவிட்டு வந்தேன். சொன்ன சொல்படி என் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, நீங்களே தோண்டி எடுத்துக்கொள்ளுங்கள். மண் இன்னும் இறுகவில்லை. அவரை மாதிரி உள்ளே இறங்காமல் ஓரமாக நின்று தோண்டுங்கள். என் மகளுக்குப் புருஷன் வேண்டும்.

நீங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும் மாப்பிள்ளை, நல்ல ஞாபகத்தோடு.

இப்படிக்கு,
உங்கள் அத்தை