ரஞ்சி குங்குமம் வைத்த மரக்குழல்

ஒக்டோபர் 5, சனி

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. கராஜ் வாசல் முழுக்க மேப்பிள் இலை ஒட்டிக் கிடக்கிறது. கூட்டவேண்டும். கூட்டவில்லை.

மரத்துக்கு மூன்றாம் தடவை எண்ணெய் பூசினேன். வால்நட். யாரோ பணக்காரரின் குசினி அலுமாரிக்கு வெட்டி மிஞ்சிய துண்டு. எண்ணெய் பட்டதும் ரேகை எழும்பி நின்றது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.

ஜில்லுக்காகச் செய்கிறேன். தளபாடப் பட்டறையில் என் பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரன். தகப்பன் விட்டுப்போன வேட்டைத் துவக்கு, பம்ப் அக்‌ஷன். குழலுக்குக் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழுக்கிற, உள்ளே குடைந்த மரப்பிடி வெடித்துவிட்டது. அந்த மொடலுக்குக் கடையில் பிடி இல்லையாம். “உன் கைக்கு இது ஒரு வேலையா?” என்று கேட்டான். இத்தனை வருடத்தில் அந்தப் பட்டறையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. தலையாட்டிவிட்டேன்.

பிடியோடு நின்றேனா? இல்லை. தோளில் இடிக்காமலிருக்கப் பின்கட்டைக்கு ஒரு தோல் மெத்தையும். தோல், ரஞ்சி கழித்துவிட்ட கறுப்புக் கைப்பையிலிருந்து. நானாகவே வலிய.

ரஞ்சிக்குச் சொல்லவில்லை. அவளுடைய தம்பி தயாளனை வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. மகன் சின்னவனாக இருந்தபோது பிறந்தநாளுக்கு வந்த தண்ணீர்த் துவக்கைக்கூடப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தவள். அந்தச் சாமான் எந்த உருவத்திலும் வீட்டுக்குள் வரக்கூடாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மரந்தானே, மரம் சுடுமா? இப்படி எனக்காக நானே வாதாடுகிற அப்புக்காத்து.

ஒக்டோபர் 6, ஞாயிறு

வெயில், குளிர். “ஓவர்டைம்” என்று சொல்லிவிட்டு ஜில் வீட்டுக்குப் போனேன். ரஞ்சி சாப்பாடு கட்டித் தந்தாள். நவராத்திரி என்பதால் மரக்கறி. அதை ஜில் வீட்டுக் கராஜில் இருந்து சாப்பிட்டேன். முழுக்கச் சாப்பிட்டேன்.

பிடி மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஜில் ரவை போடாத வெறும் துவக்கை என் கையில் தந்து இழுத்துப் பார்க்கச் சொன்னான். இழுத்தேன். சடக், சடக். ஊரில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் வேலி பாய்வோம்.

பிறகு இன்னொரு தடவை இழுத்தேன். அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. பிடித்திருந்தது.

கை வழுக்காமலிருக்க இன்னும் இரண்டு வளையம் செதுக்கவேண்டும். பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். வெள்ளி பின்னேரம் கொண்டுபோய்க் கொடுப்பதாகப் பேச்சு. சனியும் ஞாயிறும் திங்களும் லீவு, வாத்து வேட்டைக்கு ஏரிக்குப் போகிறான்.

ஒக்டோபர் 9, புதன்

வேலை முடிந்து பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைக்குப் போனேன். அவல், கடலை, கற்பூரம், வெற்றிலை. தாமரைப் பூ இல்லை, செவ்வந்தி வாங்கினேன். காருக்குத் திரும்பி வந்தபிறகுதான் வாழைப்பழம் ஞாபகம். மறுபடி நடை.

வளையம் முடிந்தது. கடைசி எண்ணெய்.

சாப்பிடும்போது ரஞ்சி, “இந்த முறை ஆயுத பூசைக்கு உங்கட சாமானுகளை நானே எடுத்து வைக்கிறன். நீங்கள் ஒவ்வொரு வருசமும் மறக்கிறியள்.”

“உமக்கேன் வீண் கரைச்சல்? நான் வைக்கிறன்.”

“ஓம், வைப்பியள்.” சிரித்தாள்.

பிடியை ஒளித்து வைத்திருக்கலாம். சீவுளிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் கராஜுக்குள் வருவதேயில்லை என்ற நினைப்பு.

ஒக்டோபர் 11, வெள்ளி

எப்படி எழுதுவது.

வேலையால் வர, வீடு முழுக்கச் சாம்பிராணி. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத்துணி. மகனின் பழைய புத்தகங்கள். என் சீவுளி, உளிகள். வருடாவருடம் வைக்கிற தயாளனின் பேனை. பேனைக்குப் பக்கத்தில் அது, ஜில்லின் பிடி. சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்தி.

தெரிந்துதான் வைத்தாளோ என்று ஒரு கணம்.

கோயில் சிநேகிதி பாக்கியக்காவும் வந்திருந்தா. ரஞ்சி அவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பாருங்கோ அக்கா, இவர் எனக்கு ஒளிச்சு ஒளிச்சுப் புட்டுக்குழல் செய்திருக்கிறார். கை சுடாமல் பிடிக்க வளையமும் போட்டு. ரெண்டு வருசமாய்க் கேட்டனான், காது கேளாத மாதிரி இருந்தவர்.”

கேட்டவள்தான். மகன் ரொறொன்ரோ போனபிறகு, இரண்டு பேருக்குப் பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்தால் மிஞ்சுது, சின்னதாய் ஒரு குழல் செய்து தாங்கோ என்று. நான் பேந்து, பேந்து என்று கடத்தினேன். அவளுக்குச் செய்யக் கிடைக்காத நேரம் ஜில்லுக்குக் கிடைத்தது.

பாக்கியக்கா கையிலெடுக்காமல் குனிந்து பார்த்தா. “ஓட்டை கொஞ்சம் ஒடுக்கம் போல.”

“எங்கள் ரெண்டு பேருக்குக் காணும் அக்கா.”

“குடுத்து வைச்சனி. என்ர மனுசன் ஒரு ஆணி அடிக்க மாட்டார். தம்பி, எனக்கும் ஒண்டு செய்து தாரும்.”

“ஓம் அக்கா” என்றேன். ஓம் என்றேன். பொய் சொல்கிற வாயில் புழு வைக்கும்.

அவ போனபிறகு சொல்லியிருக்கலாம். ரஞ்சி தேவாரத்தைத் தனக்குள் பாடிக்கொண்டு வடைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோசமாக அவளைப் பார்த்துக் கனகாலம். சொல்லவில்லை. பூசைக்கு வைத்ததை நாளைக் காலைப் பூசை முடியும்வரை தொடவும் முடியாது. நாளைக்கு வா, வாசலில் வைத்துத் தருகிறேன் என்று ஜில்லுக்கு மெசேஜ் போட்டேன். அவளுக்கு என்ன சொல்வது என்பதற்கும் ஒரு பொய் தயார்: வெடித்துவிட்டது, வேறு செய்து தருகிறேன்.

ஒக்டோபர் 12, சனி. விஜயதசமி

பூசை முடிந்தது. ஜில் வருகிறானா என்று பார்த்துக்கொண்டு வாசலில் இலை கூட்டினேன். உள்ளே வந்தால் அடுப்பில் பானை. பானை வாயில் துணி சுற்றி, அதன்மேல் பிடி நிற்கிறது. உள்ளே மாவும் தேங்காய்ப்பூவும்.

“என்னப்பா செய்யிறீர்? எண்ணெய் காயேல்லை.”

“நல்லாய்க் கழுவிப்போட்டன். பூசைக்கு வைச்சதை இண்டைக்கு எடுத்துப் பாவிக்க வேணுமெல்லோ. நீங்களும் உளியை எடுத்து ஒரு கோடாவது கீறுங்கோ.”

பின்கதவில் தட்டினார்கள். வாசலில் நிற்கச் சொன்னவன் பின்னால் வந்திருக்கிறான். அவள்தான் கிட்ட நின்றாள், திறந்தாள். பின்கதவைத் திறந்தால் நேரே குசினி. “போன்ஜூர், மதாம்” என்றவன் அடுப்பைப் பார்த்தான். ஒரு பாட்டம் விழுந்து விழுந்து சிரித்தான். பிரெஞ்சில், “மதாம், என் துவக்கையா சமைக்கிறீர்கள்?”

ரஞ்சிக்கு, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரி வேலையில் நாள் முழுக்கப் பிரெஞ்சுதான். என்னைவிட அவளுக்கு நன்றாக வரும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன்.

அடுப்பை நிறுத்தினாள். அரைவேக்காட்டுப் புட்டைத் தட்டில் தட்டினாள். பிடியைக் குழாயில் கழுவினாள், வளையத்துக்குள் விரல் விட்டு, சந்தனம் முழுக்கப் போகும்வரை. துடைத்தாள். இரண்டு கையாலும் ஜில்லிடம் கொடுத்தாள். நேற்றைய வடையும் ஒரு பையில். பாவம், ஜில்லுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்டான். “உங்களில் பிழையில்லை” என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அவன் போனபிறகு சத்தம் போடுவாள் என்று நின்றேன். கதிரையில் இருந்தாள்.

“துவக்குக்கெண்டு முதலே சொல்லியிருந்தா சண்டை பிடிச்சிருப்பன். ரெண்டு நாளையில ஆறியிருக்கும். நேற்று நீங்கள் பக்கத்தில நிண்டு பார்த்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? தயாளன்ர பேனையோட வைச்சுப் பூப்போட்டுக் கும்பிட்டன். ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

தோல் மெத்தை ஞாபகம் வந்தது. அதையாவது சொல்லிவிடுவோம் என்று சொன்னேன், உம்முடைய பையைத்தான் வெட்டினேன் என்று. “அதுவுமோ” என்றாள்.

தயாளனின் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்தாள். பூசைக்கு வைத்ததை அவள் துடைத்து நான் பார்த்ததில்லை.

ஒக்டோபர் 14, திங்கள்

லீவு. முதல் உறைபனி, கார்க் கண்ணாடி வெள்ளை. ஜில்லின் படம் வந்தது: ஏரி, இரண்டு வாத்து, துவக்கு. அழித்துவிட்டேன்.

நேற்றும் இன்றும் கராஜில். மேப்பிள் மரம். அகலமாகக் குடைந்தேன். எண்ணெய், வார்னிஷ் ஒன்றும் பூசவில்லை. கீழுக்குச் சில்லு, அதில் ஓட்டைகள். ஊர்க்குழல் மாதிரிக் கயிறும் வரிந்தேன். யார் பார்த்தாலும் புட்டுக்குழல்தான்.

மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினாள். மணந்து பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமில்லை குரலில்.

“இது என்னத்துக்குச் செய்தனீங்கள்?”

“புட்டுக்கு.”

“புட்டுக்குத்தானோ?”

“ஓம் ரஞ்சி. புட்டுக்குத்தான்.”

மரத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழலை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தாள்.

இரவுச் சாப்பாடு புட்டு. நீத்துப்பெட்டியில் அவித்தது.